இருமலும் இடாப்பும்

எழுத்துக்கள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்னும் இயலிலே விளக்குகின்றார். உடம்பினுள்ளிருந்து மேலெழும் காற்றே, நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் தங்கி, நாவும் பல்லும் இதழும் மூக்கும் அண்ணமும் தொழிற்பட, எழுத்தொலியாக மாறுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. பின்வந்த நன்னூலார் வல்லினத்துக்கு மார்பும், மெல்லினத்துக்கு மூக்கும், இடையினத்துக்குக் கழுத்தும் இடம் என வகுத்தார். இப்பகுதியைக் கற்பிக்கும்போது, மாணவர் தம் உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சில சொற்களைச் சொல்லிப் பார்க்கும்படி செய்வது என் வழக்கம். கையிலே காற்றுப் படும்போது அவர்கள் முகம் மலரும். இலக்கணம் ஏட்டில் மட்டும் இல்லை, தம் மூச்சிலும் இருக்கின்றது என்பதை அப்பொழுது அவர்கள் உணர்கின்றனர்.

உள்ளங்கையிற் படும் அக்காற்று வேறோர் உண்மையையும் உணர்த்த வல்லது. பேசுவோன் நெஞ்சிலிருந்து புறப்பட்ட மூச்சு, கேட்போன் நெஞ்சினுட் சென்று சேர்கின்றது. பாடசாலையாயினும் பல்கலைக்கழகமாயினும், கல்விக்கூடம் என்பது பலர் ஒருங்கு கூடி ஒரே காற்றை உட்கொள்ளும் இடமாகும். தோட்டத்துப் பீலியில் வரும் தண்ணீர் கெட்டால் லயத்தார் அனைவரும் நோயுறுவர் என்பதை எல்லாரும் அறிவர். பொதுக்காற்றைப் பற்றி அத்தனை கவலை கொள்வாரைக் காண்பது அரிது. தண்ணீர் கலங்கினாற் கண்ணுக்குத் தெரியும். காற்றுக் கெட்டால் தெரிவதில்லை.

தடிமன், இன்புளுவென்சா, காசநோய், அண்மையில் உலகை உலுக்கிய கொவிட் ஆகிய யாவும் மூச்சின் வழியே பரவும் நோய்களாம். மலையகத்துப் பிள்ளைகள் சென்று தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக வளாகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் இந்நோய்கள் பரவாமற் காப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுந்த பொருள். மருத்துவர்க்கு உரிய பொருளைத் தமிழ்ப் பண்டிதன் தொடுவதேன் என்று சிலர் வினவக்கூடும். மருந்து மருத்துவர்க்கு உரியது. வகுப்பறையும் வரவு இடாப்பும் ஆசிரியர்க்கு உரியன. நோய் பரவுவதும் நிற்பதும் பெரும்பாலும் இவ்விரண்டிலேயே தங்கியுள்ளன என்பது என் துணிபு.

காற்றின் வழி

மூச்சுநோய்கள் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெருந்துளிகளாலேயே பரவும் என்றும், அத்துளிகள் சில அடித் தொலைவுக்குள் நிலத்தில் வீழ்ந்துவிடும் என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. இதற்கு மாறாக, கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகள் காற்றிலே நெடுநேரம் மிதந்து திரியும் என்று வெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். 1950 களின் பிற்பகுதியில், அவரும் ரைலி என்னும் மருத்துவரும் போல்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றிற் காசநோயாளர் தங்கிய பகுதியின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக் கூண்டுகளில் வைத்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினர். அவ்விலங்குகள் நோயாளரைக் கண்டதுமில்லை, தொட்டதுமில்லை. எனினும் அவற்றுட் சில காசநோய்க்கு உள்ளாயின. காற்று ஒன்றே நோயைச் சுமந்து சென்றது என்பது இதனால் நிறுவப்பட்டது.

கொவிட் விடயத்திலும் இவ்வுண்மை மெல்லவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2020 மார்ச்சு 10 ஆம் நாள் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து ஸ்காகிட் பகுதியிலே பாடகர் குழுவொன்று இரண்டரை மணிநேரம் ஒரு மண்டபத்திற் கூடிப் பாடிப் பழகியது. வந்திருந்தோர் 61 பேர். அவர்களுள் ஒருவருக்குத் தடிமன் போன்ற அறிகுறி இருந்தது. பின்னர் 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் உயிரிழந்தனர். பாடுதலும் உரத்துப் பேசுதலும், அமைதியாக மூச்சு விடுவதிலும் மிகுதியான நுண்துளிகளைக் காற்றிற் பரப்பும். நோய் காற்றின் வழியாகவும் பரவும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2021 இலே தன் விளக்கங்களில் தெளிவாக எழுதியது.

இதிலிருந்து ஆசிரியர் கற்கவேண்டிய பாடம் யாது? அறை எவ்வளவு சிறிது, அதில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு உரத்த பேச்சு, எவ்வளவு புதுக்காற்று என்னும் ஐந்துமே நோயின் அளவைத் தீர்மானிக்கின்றன. மேசையை நாள்தோறும் துடைத்துவிட்டுச் சன்னலை மூடிவைப்போமாயின், பகைவனை வெளியே தேடி வீட்டினுள் அவனுக்குப் பாய் விரித்தவர் ஆவோம்.

லயமும் விடுதியும்

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அட்டனும் தலவாக்கலையும் அதனினும் தாழ்ந்தவையேயெனினும், ஆடிக்காற்றும் அடைமழையும் வந்துவிட்டால் அங்கும் குளிருக்குக் குறைவில்லை. குளிர் நாட்டில் வாழ்வோர் காற்றுக்குப் பகைவராதல் இயல்பு. லயத்துக் காம்பராவின் சிறு சன்னலைப் பழஞ்சாக்கினால் அடைத்து வைத்திருப்பதை யாரும் காணலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அக்காம்பராவிலே தாத்தா பாட்டி முதற் கைக்குழந்தை ஈறாக ஒரு குடும்பம் உறங்குகின்றது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களிலே பின்புறச் சன்னலுக்கு இடமே இல்லை. விறகடுப்பின் புகையும் அங்கேயே சுழல்கின்றது. புகையுண்ட நுரையீரல் நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் என்பதும், அத்தகைய வீடுகளில் வளரும் சிறார்க்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் அபாயம் மிகுதி என்பதும் மருத்துவர் பலகாலும் கூறிவருவன.

அக்காம்பராவிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுதல் அண்மைக்காலம் வரை அரிய செய்தியாகவே இருந்தது. அட்டனிற் புகைவண்டி ஏறி, வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து, பேராதனையில் இறங்கும் மாணவனின் கையிலே ஒரு பெட்டிதான் இருக்கும். அவன் பின்னால் ஒரு தோட்டத்தின் நம்பிக்கை முழுவதும் இருக்கும்.

1942 இற் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. மாணவர் அனைவரும் வளாகத்திலேயே உறைந்து கற்க வேண்டும் என்பது முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் கருத்து. பற்றிக் அபர்குரொம்பி வளாகத்தின் அமைப்பை வகுத்தார். ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார். இராமநாதன், அருணாசலம் முதலியோரின் பெயர் தாங்கிய விடுதி மண்டபங்கள் மரஞ்செறிந்த சரிவுகளிலே காற்றோட்டமாக எழுந்தன. அன்று படித்தோர் தொகை சிறிது. இன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பயில்கின்றனர். ஒருவரோ இருவரோ தங்குவதற்கென வகுத்த அறைகள் பலவற்றில் இன்று மூவரும் நால்வரும் உறைகின்றனர். நாட்டின் ஏனைய வளாகங்களிலும், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்று மாணவர் தங்கிப் பயிலும் பிற கூடங்களிலும், பலர் ஓரிடத்தில் உண்டு உறங்கிப் படிக்கும் நிலைமையே உள்ளது.

லயமும் விடுதியும் இவ்வகையில் ஒன்றையொன்று ஒத்தவை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக மாணவன் இருக்கின்றான். விடுதியிற் பெற்ற தடிமனை அவன் விடுமுறைக்கு வரும்போது காம்பராவுக்குக் கொண்டுவருகின்றான். இருபது வயதினனுக்கு மூன்று நாட் காய்ச்சலாக வந்து போவது, எழுபது வயதுப் பாட்டிக்கு உயிர்க்கேடாகலாம். காம்பராவிற் பாட்டியிடமிருந்து பெற்ற காசநோய்க் கிருமி, அவன் வழியே விடுதியறைத் தோழர்க்குச் செல்லவும் கூடும்.

வாயிற் காவல்

நோய் வந்தால் வாயிலிற் காவல் போடுவது ஆட்சியாளர் கண்ட பழைய வழி. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மண்டபம் முகாமிலே நிறுத்தப்பட்டனர். கொள்ளை நோயோ வாந்திபேதியோ வைசூரியோ உடன்வருமோ என்ற அச்சத்தால், நாட்கணக்கில் அங்கே தடுத்து வைத்துப் பரிசோதித்த பின்னரே அவர்களைத் தலைமன்னார்க் கப்பலுக்கு விட்டனர். 1897 இல் இயற்றப்பட்ட தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமே 2020 இலும் கொவிட் தடுப்புக்கு ஆதாரமாக நின்றது என்றால், அவ்வழியின் பழமையை உணரலாம்.

அதன் குறையும் அத்துணைப் பழையது. முகாமில் அவ்வளவு கவனத்தோடு பரிசோதிக்கப்பட்ட அதே தொழிலாளி, தோட்டத்தை அடைந்ததும் காற்றோட்டமில்லாத லயத்திலே குடியேற்றப்பட்டான். வாயிலில் அவன் உடம்பைச் சோதித்தவர், உள்ளே அவன் உறையும் அறையைச் சோதிக்கவில்லை. நோயை ஆளோடு வரும் பொருளாகவே கண்டனர். இடத்தில் வளரும் பொருளாகக் காணவில்லை.

2020 மார்ச்சு மாதத்தில் நாட்டின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலே தீபாவளியையொட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுவதற்குத் தடை விதிக்கப்பட்டபோது, கொழும்பிலே தொழில் செய்த மலையக இளைஞர் பலர் பண்டிகைக்கு வீடு வர இயலாதிருந்தனர். கல்விக்கூடங்கள் மீண்டும் திறந்தபோது வாயில்தோறும் வெப்பமானியும் கைகழுவும் குழாயும் நின்றன. அவை வேண்டாதவை என்று கூறேன். ஆயின் கொவிட்டும் இன்புளுவென்சாவும் காய்ச்சல் தோன்றுமுன்னரே பிறருக்குத் தொற்ற வல்லவை. வாயிலில் நெற்றியைச் சோதித்து உள்ளே அனுப்பிய பின், மூடிய மண்டபத்தில் இரண்டு மணிநேரம் நூறு பேரை இருத்தினால், மண்டபம் முகாமின் பழைய கதையே மீண்டும் நடந்ததாகும்.

பேரும் வரவும்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. சில ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து என்னிடம் கற்றுப் பல்கலைக்கழகம் சென்ற மாணவன் ஒருவன், விடுமுறையிலே என்னைக் காண வந்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டா. பேசிக்கொண்டிருக்கும்போதே பலமுறை இருமினான். உடம்பும் இளைத்திருந்தது.

"எத்தனை நாளாகத் தம்பி இந்த இருமல்?" என்றேன்.

"ஆறு கிழமை இருக்கும், ஐயா. தடிமன்தான்."

"வைத்தியரிடம் காட்டவில்லையா?"

"காட்டப் போனால் ஒரு நாள் போய்விடும், ஐயா. ஏற்கெனவே எனக்கு வரவு குறைவு. எண்பது வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். லயத்திலே அப்பாவும் காய்ச்சலோடுதானே மலைக்குப் போகிறார்? போகாவிட்டால் பேர் இல்லை. அதே கதைதான் எங்களுக்கும்."

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்க்கு ஒரு சொல் விளக்கம் கூறல் வேண்டும். ஒருநாள் வேலைக்குச் செக்ரோலிலே பதியப்படும் கணக்கைத் தோட்டத்தில் 'பேர்' என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வேலைக்கு வராவிட்டால் பேரே இல்லை. 2021 இலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட போதும், அது வேலை செய்த நாளுக்கே உரியதாயிற்று. ஆகவே காய்ச்சற்காரன் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகின்றான். இருமுகின்ற தாய் தன் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுக் கூடையைச் சுமக்கின்றாள். அத்தாயையும் தந்தையையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகத்து வரவு இடாப்பைச் செக்ரோலாகவே காண்பதில் வியப்பென்ன?

பல பாடநெறிகளிலே நூற்றுக்கு 80 வீத வரவு பரீட்சைக்கு நிபந்தனையாக உள்ளது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பாடசாலை மாணவருக்கும் அதே நிபந்தனை உண்டு. மருத்துவச் சான்றிதழ் காட்டினால் விலக்கு அளிக்கும் விதிகளும் உள்ளன. ஆனால் அச்சான்றிதழைப் பெற வரிசையில் நிற்பதும், உரிய அலுவலகத்தில் உரிய நாளுக்குள் ஒப்படைப்பதும் காய்ச்சற்காரன் செய்யவேண்டிய வேலைகளாய் உள்ளன. மூன்று நாள் தடிமனுக்கு யார் அவ்வளவு அலைவார்? அதனினும் வகுப்பிற் போய் ஒரு மூலையில் இருந்து இருமுவது எளிது.

அவனை நான் மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சளிப் பரிசோதனையிலே காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் முறையாக மருந்துண்டு நலமடைந்தான். அவனோடு ஓரறையில் உறங்கிய தோழர்களும், லயத்திலே அவன் தங்கையும் பாட்டியும் பரிசோதிக்கப்பட்டனர். அவன் முதற்கிழமையிலோ மூன்றாங்கிழமையிலோ வைத்தியரிடம் சென்றிருந்தால், அத்தனை பேர் அஞ்சி வாழ்ந்த அந்த மாதங்கள் வந்திரா. அவன் அறியாமையால் மறைத்தவன் அல்லன். கணக்குப் போட்டுப் பார்த்தே மறைத்தான். அவன் போட்ட கணக்கு அவனளவிற் சரியானதே. பிழையான கணக்கைப் போடும்படி அவனை வைத்தது இடாப்பு.

இருமலை மறைக்கும்படி தூண்டும் ஒழுங்கு எதுவோ, அதுவே நோயைப் பரப்பும் ஒழுங்கு. இதுவே யான் வற்புறுத்த விரும்புவது. பாடசாலைகளிற் பரிசளிப்பு விழாக்களிலே 'ஒரு நாளும் தவறாத வரவு' என்று பரிசு வழங்குகின்றோம். அப்பரிசைப் பெறும் பிள்ளை ஆண்டு முழுவதும் காய்ச்சலே காணாத பிள்ளையாக இருக்கலாம்; காய்ச்சலோடு வந்து பக்கத்துப் பிள்ளைக்கு அதைப் பகிர்ந்தளித்த பிள்ளையாகவும் இருக்கலாம். எது என்று பரிசளிப்போர் கேட்பதில்லை.

"வரவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மாணவர் நோயைச் சாக்காக்கிக்கொண்டு வகுப்பைத் தவிர்ப்பரே" என்று நண்பர் சிலர் என்னிடம் வாதித்ததுண்டு. தவிர்ப்போர் சிலர் இருப்பர் என்பதை மறுக்கேன். அவர்கள் இன்றும் இருக்கின்றனர். நண்பனைக் கொண்டு கையொப்பமிடுவிக்கும் கலையை நம் மாணவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பொய் நோயாளர் பத்துப்பேர் வீட்டில் இருப்பதால் வரும் நட்டம் அவர்தம் படிப்புக்கே. மெய் நோயாளர் ஒருவர் வகுப்பில் இருப்பதால் வரும் நட்டம் வகுப்பு முழுவதற்கும், அவர்கள் திரும்பிச் செல்லும் வீடுகளுக்கும் ஆகும்.

செய்யத்தக்கன

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களை வள்ளுவர் கூறுகின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்பன அவை. முதல் மூன்றையும் எல்லாரும் நினைப்பர், நான்காமவனை மறந்துவிடுவர். லயத்திலே அந்நான்காமவர் அம்மாவோ அப்பாயியோ ஆவர். வீட்டை விட்டு நூறு கல் தொலைவில் விடுதியில் படுத்திருக்கும் மாணவனுக்கு அவர் யார்? அவனது வளாகமே அப்பணியை ஏற்றல் வேண்டும். அதற்குரிய வழிகளைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது சன்னல். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட நூலிலே நோயாளர்க்குரிய முதல் விதியாகக் கூறியது, அறைக்காற்றை வெளிக்காற்றைப்போலத் தூயதாக வைத்தல் என்பதே. நோயாளரைக் குளிரால் நடுங்கச் செய்யாமல் அதனைச் செய்தல் வேண்டும் என்றும் அவர் உடன் கூறினார். மலையகத்தார்க்கு இவ்விரண்டாம் பகுதி இன்றியமையாதது. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள சன்னல்களின் மேற்பகுதியைக் கையகலம் திறந்து வைத்தாலும் காற்று ஓடும். விரிவுரைக்கும் விரிவுரைக்கும் இடையிலே பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். குளிருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. கெட்ட காற்றுக்குப் போர்வை இல்லை. காற்றின் நிலையை அறிய, நாம் வெளிவிடும் கரியமிலவாயுவை அளக்கும் சிறு கருவிகள் உள்ளன. வெளிக்காற்றில் அது பத்திலட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. அறையினுள் 800 க்கு உட்பட இருப்பின் நன்று. ஆயிரத்தை விஞ்சிச் செல்லுமாயின் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் மிகுதியாக உட்கொள்கின்றனர் என்று அறிக.

இரண்டாவது முகக்கவசம். இதன் வரலாற்றிலே நம் அண்டை நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பினாங்கிலே பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, 1910, 1911 ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவிற் பரவிய நுரையீரற் கொள்ளைநோயை அடக்கச் சென்றபோது, அது மூச்சின் வழியே தொற்றுவது எனக் கண்டு, மெல்லிய துணியும் பஞ்சும் கொண்டு கவசம் செய்து அணிவித்தார். அதனை அணிய மறுத்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களிலே அந்நோயால் மாண்டார். இருமல் உள்ளவர் பிறர் நடுவே வரநேர்ந்தால் கவசம் அணிதல் ஒரு மரியாதை ஆகட்டும். அணிந்தவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் ஒழிக.

மூன்றாவது நோயறை. ஒவ்வொரு விடுதியிலும் காற்றோட்டமுள்ள ஓர் அறையையேனும் காய்ச்சலுற்றோர் தங்குவதற்கு ஒதுக்கல் வேண்டும். உணவும் சுடுநீரும் வாயிலில் வைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். காய்ச்சல் நீங்கி முழுதாய் ஒரு நாள் கழியும்வரை அவர் வகுப்புக்கு வாரா திருத்தல் நன்று. அந்நிலையில் வீட்டுக்கு விரைதலும் தகாது. நெரிசலான புகைவண்டியும் பத்தடிக் காம்பராவும் நோய்க்கு உவப்பான இடங்கள்.

நான்காவது நீண்ட இருமல். இலங்கையிலே ஆண்டுதோறும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காசநோயாளராகப் பதியப்படுகின்றனர். பிறந்தவுடன் ஏற்றும் பீ.சீ.ஜி. தடுப்பூசி குழந்தைகளைக் கொடிய வகையிலிருந்து காக்கும். வளர்ந்தோரை முழுதும் காக்காது. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவாயினும் சளிப் பரிசோதனை செய்தல் வேண்டும். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முறையாக மருந்துண்ணத் தொடங்கினால், பெரும்பாலும் சில கிழமைகளிலே பிறர்க்குத் தொற்றும் நிலை தணிந்துவிடும். ஆறு மாதம் விடாது உண்டாற் குணமாகும். காசநோய் பழியுமன்று, குலநோயுமன்று. பெயரைக் கேட்டு விடுதித் தோழர் விலகி ஓடும் வழக்கமே அடுத்த நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்கின்றது.

ஐந்தாவதும் முதன்மையானதும் இடாப்பு. நம் இடாப்பிலே வந்தார், வரவில்லை என இரண்டு குறிகளே உள்ளன. 'நோயுற்றார்' என்னும் மூன்றாங் குறி ஒன்று வேண்டும். அக்குறி பெற்ற நாளை மொத்த நாட்கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு வரவு வீதத்தைக் கணித்தல் வேண்டும். மூன்று நாள்வரை மாணவன் தானே எழுதிக் கொடுக்கும் கடிதம் போதும் என்றும், அதற்கு மேற்படின் வளாகத்து மருத்துவர் சான்று வேண்டும் என்றும் விதி செய்யலாம். தவறிய விரிவுரையின் குறிப்பை அவனுக்குச் சேர்ப்பிக்க வகுப்பிலே ஒருவரை அமர்த்தலாம். ஆசிரியர்க்கும் இது பொருந்தும். தடிமனோடு வந்து ஒரு மணிநேரம் உரக்கப் பேசும் விரிவுரையாளர், ஸ்காகிட் மண்டபத்துப் பாடகரை நினைவிற் கொள்வாராக.

மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக எழுந்து வருகின்றது. அது எழும் நாளில், அதன் கட்டடங்களை வரைவோர் லயங்களை வரைந்தோர் செய்த பிழையைச் செய்யாதிருக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய வேலை அன்று இது. சன்னலைத் திறக்கப் பணம் வேண்டியதில்லை. இடாப்பிலே ஒரு குறியைச் சேர்க்கக் கட்டடம் வேண்டியதில்லை. பல்கலைக்கழக மூதவைகளும் பாடசாலை அதிபர்களும் ஒரு நாள் கூடியிருந்து எழுதிவிடத்தக்க விதி அது. அவ்விதி எழுதப்படும் வகுப்பிலே, காய்ச்சலுற்ற பிள்ளை தன் பெயரை இழக்காமலே படுத்து இளைப்பாறும்.